உதடு உரியும்போது ஆறு லிப்ஸ்டிக் செட் வாங்கலாமா?

34 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பண்டிகைக் காலம் வந்தால் உதட்டு மேக்கப் செட் ஒன்று வாங்கிவிடுவது அவர் வழக்கம். இந்த முறை மூன்றில் எதை எடுப்பது என்று குழப்பம். முதலாவது, தலா 1.2 கிராம் எடையுள்ள ஆறு மினி லிப்ஸ்டிக் கொண்ட செட். இரண்டாவது, 8 உதட்டு நிறங்களும் 12 ஐ ஷேடோவும் ஒரே தட்டில் அடுக்கிய பேலட். மூன்றாவது, மூன்று லிப் கிளாஸ். அதில் ஒன்று உதட்டைச் சற்றுப் பருமனாகக் காட்டும் 'பிளம்பர்' வகை. வாங்கியதைத் தங்கையோடும், 11 வயதான அக்கா மகளோடும் பங்கிட்டுக்கொள்ள நினைக்கிறார்.

போன வருடம் வாங்கிய செட்டில் நான்கைந்து நிறங்களை மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்ததிலிருந்து உதடு உரிகிறது. மேல் உதட்டின் விளிம்பில் கருமையும் படிந்திருக்கிறது. "இருபது வயதிலிருந்து லிப்ஸ்டிக் போடுகிறேன், அதனால் அலர்ஜியாக இருக்காது. ஈயம் கலந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். தங்க மோதிரத்தால் தேய்த்துப் பார்த்தேன், கறுத்தது" என்கிறார். இயற்கைப் பொருள் என்று அச்சிட்ட செட்டாக வாங்கினால் பிரச்சினை தீருமா என்பது அவர் கேள்வி. போன வருடம் தள்ளுபடியில் வாங்கி, பிரிக்காமலே வைத்திருக்கும் இன்னொரு செட்டைத் தோழிக்குப் பரிசாகக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "இதுவரை ஒரு லிப்ஸ்டிக்கைக்கூட அடி வரை தீர்த்ததில்லை." நம் கணக்குக்கு மிகவும் உதவப்போவது அந்த வரிதான்.

அன்புள்ள சகோதரி,

செட் வாங்கலாமா என்ற கேள்விக்கு முன்னால் உங்கள் உதட்டைப் பார்க்க வேண்டும். உரிந்துகொண்டிருக்கும் உதட்டில் புதிதாக எதைப் போட்டாலும் எரியும். எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. ஆகவே செட் எதை வாங்கினாலும் முதல் மூன்று, நான்கு வாரங்களுக்கு அது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பிறகு ஒன்றன் பின் ஒன்றாகத் திறக்க வேண்டும். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

அலர்ஜி இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பல வருடம் போட்டுப் பழகிய பொருளுக்கு அலர்ஜி வராது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தொடு ஒவ்வாமை நடப்பது வேறு விதமாக. ஒரு பொருளை உடம்பின் தற்காப்பு அணுக்கள் எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளக் குறைந்தது 10 முதல் 14 நாள் பிடிக்கும். சிலருக்கு அந்த அடையாளம் பதிய வருடக்கணக்கில் ஆகும். பதிந்த பிறகு அந்தப் பொருள் பட்டால், உடனே அல்ல, ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்து அரிப்பும் உரிதலும் தலைகாட்டும். நீங்கள் திங்களன்று ஒரு நிறம், செவ்வாயன்று இன்னொன்று, புதனன்று மூன்றாவது என்று போட்டிருந்தால், வியாழனன்று வந்த எரிச்சலுக்கு எதைக் குற்றம் சொல்வது? செட்டை வாங்கிய வாரமே எல்லாவற்றையும் திறப்பதில் பணத்தை விடப் பெரிய நஷ்டம் இதுதான்.

எல்லா உரிதலும் ஒவ்வாமையும் அல்ல. நீண்ட நேரம் நிற்கும் மேட் வகைத் திரவ லிப்ஸ்டிக்கில் ஐசோடோடிகேன் போன்ற, சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான் இருக்கும். அது பறந்துபோனதும் சிலிகோன் பிசின் உதட்டின் மேல் படலமாக இறுகுகிறது. பேசும்போதும் சிரிக்கும்போதும் அந்தப் படலம் உதட்டுத் தோலை இழுக்கும். இரவில் அதைத் தண்ணீரும் துண்டும் வைத்துத் தேய்த்து எடுத்தால் மேல்தோல் கூடவே வந்துவிடும். காய்ந்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டே இருப்பது அடுத்த தவறு. எச்சில் காயும்போது இருக்கிற ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும்; எச்சிலில் உள்ள செரிமான நொதிகளும் தோலைப் புண்ணாக்கும். இது ஒவ்வாமை இல்லை, வெறும் உறுத்தல். ஆனால் உறுத்திப் பிளந்த உதட்டில் ஒவ்வாமையும் எளிதாக வந்து சேரும் என்பதால் இரண்டும் கலந்தே இருப்பதுண்டு.

இப்போது செய்ய வேண்டியது: லிப்ஸ்டிக், கிளாஸ், லைனர், வாசனை போட்ட லிப் பாம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நிறமும் மணமும் சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியை மட்டும், சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் மெல்லிசாகத் தடவுங்கள். பற்பசையையும் அந்த நாட்களில் புதினா, பட்டை மணம் இல்லாத, நுரை குறைவான வகைக்கு மாற்றுங்கள். லிப்ஸ்டிக் மேல் பழி விழுந்த பல உதடுகளில் உண்மையான காரணம் பற்பசையின் மணப்பொருளாக இருக்கும். நகப்பூச்சும் சந்தேகப் பட்டியலில் உண்டு. அடிக்கடி உதட்டைத் தொடும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதிலுள்ள பிசின் உதட்டில் வினை காட்டும். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கும் ஸ்டீராய்டு கிரீம் வேண்டாம். முதல் நாலு நாள் நன்றாகத் தெரிந்தாலும், வாயைச் சுற்றிச் சிறு கொப்புளங்களைக் கொண்டுவந்துவிடும்.

மேல் உதட்டு விளிம்பின் கருமையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லிப்ஸ்டிக்கில் உள்ள சாயமோ மணப்பொருளோ மெல்லிய ஒவ்வாமையைத் தொடர்ந்து கிளறினால், அரிப்பு பெரிதாக இல்லாமலே கருமை மட்டும் படிவதுண்டு. வெயில், புகைபிடித்தல், நாக்கால் நனைக்கும் பழக்கம், பரம்பரை இவற்றாலும் வரும். உரிதலும் கருமையும் ஒரே சமயத்தில் தொடங்கியதால் உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் ஒவ்வாமை மேல்தான் விழுகிறது. காரணப் பொருளை நிறுத்தினால் உரிதல் வாரங்களில் நிற்கும். கருமை மங்க மாதங்கள் ஆகும். அதுவரை அதை மறைக்க அடர்த்தியான நிறம் பூசுவது பிரச்சினையை நீட்டிக்கும்.

நான்கு வாரத்தில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். முதுகில் பல பொருட்களைச் சிறு வில்லைகளாக ஒட்டி, 48 மணி நேரம் விட்டு எடுத்து, அன்றும் இன்னும் இரண்டு நாள் கழித்தும் பார்ப்பார்கள். போகும்போது நீங்கள் பயன்படுத்திய ஒவ்வொரு லிப்ஸ்டிக்கையும் பற்பசையையும் வெளிப்பெட்டியோடு எடுத்துப்போங்கள். உதட்டில் ஒரே இடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், கெட்டியான வெண்திட்டு, தொட்டால் ரத்தம் ஆகியவை இருந்தால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம். உதடு திடீரென வீங்கி மூச்சுத் திணறினால் அது அவசர சிகிச்சைக்குரியது.

மோதிரச் சோதனையும் ஈயமும்

தங்க மோதிரத்தால் தேய்த்துக் கறுத்தால் ஈயம் என்ற செய்தி பல வருடமாகச் சுற்றி வருகிறது. அது தவறு. லிப்ஸ்டிக்கில் டைட்டானியம் டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு போன்ற கடினமான நுண்துகள்கள் நிறத்துக்காகச் சேர்க்கப்படுகின்றன. அவை உலோகத்தை நுணுக்கமாகச் சுரண்டும். சுரண்டிய உலோகத் தூள் மெழுகில் ஒட்டிக் கறுப்புக் கோடாகத் தெரியும். துளி ஈயம் இல்லாத லிப்ஸ்டிக்கும் கறுக்கும், ஈயம் உள்ளது கறுக்காமலும் போகலாம்.

ஈயம் உண்மையிலேயே இருக்குமா என்றால், நிறத்துக்கான கனிமப் பொருட்களோடு மாசாக மிகச் சிறு அளவில் வரக்கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 400 லிப்ஸ்டிக்குகளை ஆய்வு செய்தபோது சராசரி பத்து லட்சத்தில் 1.11 பங்கு, அதிகபட்சம் 7.19 பங்கு. அதே நிறுவனம் 2016-ல் உதட்டுப் பூச்சுகளுக்குப் பத்து லட்சத்தில் 10 பங்கு என்ற மேல் வரம்பைப் பரிந்துரைத்தது. முறையாகத் தயாரித்த பொருளில் அந்த அளவு ஈயம் உங்கள் உதட்டை உரிக்காது, கறுக்கவும் வைக்காது. ஈயத்துக்காகக் கவலைப்பட வேண்டிய இடம் வேறு: தயாரிப்பாளர் பெயர், முகவரி, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), சேர்மானப் பட்டியல் எதுவும் இல்லாமல் வரும் மலிவு செட்டுகளும், பிரபலப் பெயரைப் போலியாக ஒட்டிய செட்டுகளும். பண்டிகைக் கால நெரிசலில்தான் இவை அதிகம் நுழைகின்றன. பெட்டியில் எழுத்துப்பிழை, பெட்டியிலும் குழலிலும் வேறுபடும் தொகுதி எண், எங்குமே கிடைக்காத அளவுக்குக் குறைந்த விலை இவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

'இயற்கை' என்ற சொல்லை நம்பி வாங்கலாமா?

உங்களுக்கு அது தீர்வாகாது. உதட்டில் ஒவ்வாமை தரும் பொருட்கள் என்று மருத்துவர்கள் தேடும் பட்டியலைப் பாருங்கள்: ஆமணக்கு எண்ணெய், தேன்மெழுகோடு ஒட்டி வரும் புரோபோலிஸ், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின், புதினா எண்ணெய், பட்டை எண்ணெய், மரப்பிசின். எல்லாமே இயற்கைதான். அதிலும் ஆமணக்கு எண்ணெய் பெரும்பாலான குச்சி லிப்ஸ்டிக்குகளின் அடித்தளம். நிறத்துகள்கள் அதில் நன்றாகக் கலக்கும் என்பதால் தயாரிப்பாளர்கள் அதை விரும்புகிறார்கள்.

'ஹைப்போஅலர்ஜெனிக்', அதாவது ஒவ்வாமை தரும் வாய்ப்பு குறைவு என்ற சொல்லுக்கு உலகம் முழுதும் ஒத்துக்கொண்ட ஒரே சோதனை கிடையாது. 'தோல் மருத்துவர் சோதித்தது' என்றால் எத்தனை பேரில், என்ன முடிவோடு என்று பெட்டி சொல்லாது. 'மணமற்றது' என்று போட்டதில்கூட மூலப்பொருளின் வாடையை அமுக்க வேறொரு மணப்பொருள் இருக்கக்கூடும். உங்களுக்கு உதவக்கூடியது 'மணப்பொருள் சேர்க்கப்படவில்லை' என்ற வாசகமும், அதை உறுதிப்படுத்தும் சேர்மானப் பட்டியலும்தான்.

செட்டின் சேர்மானப் பட்டியலில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல நிறங்களுக்கு ஒரே பட்டியலை அச்சிட்டு, கடைசியில் 'இவையும் இருக்கலாம்' என்றோ கூட்டல் கழித்தல் குறியோ போட்டு எல்லாச் சாயங்களையும் வரிசையாகத் தந்துவிடுவார்கள். எந்தச் சாயம் எந்த நிறத்தில் என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. பேட்ச் டெஸ்டில் ஒரு குறிப்பிட்ட சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால், அதன் பிறகு செட்டை விட்டுத் தனி லிப்ஸ்டிக்காக வாங்குவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. பரிசு கொடுக்கும்போதும் பட்டியலில் 'கார்மைன்' அல்லது 'சி.ஐ. 75470' இருக்கிறதா என்று பாருங்கள். அது ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. சிலருக்கு ஒவ்வாமை தரும், சைவம் கடைப்பிடிப்பவர்கள் விரும்பமாட்டார்கள்.

சேமிப்புக் கணக்கு

ஆறு இருக்கிறது, ஆகவே லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கிராமைப் பாருங்கள். முழு அளவு லிப்ஸ்டிக் சுமார் 3.5 கிராம். அதன் விலையை 100 என்று வைத்துக்கொண்டால் கிராமுக்கு 28.6 ஆகிறது. ஆறு மினி செட் மொத்தம் 7.2 கிராம். அதன் விலை 150 என்றால் கிராமுக்கு 20.8. இது வரை செட் லாபம்.

ஆனால் ஆறில் நீங்கள் போடப்போவது எத்தனை? பண்டிகை செட்டில் அடர்சிவப்பு, கத்திரிப்பூ நிறம், மினுமினுப்பு ஆகியவை அதிகம் இருக்கும். அலுவலகத்துக்கு இரண்டு நிறம்தான் ஆகும் என்றால், 150 கொடுத்து வாங்கியது 2.4 கிராம்தான். கிராமுக்கு 62.5. நான்கு நிறம் போட்டால் 31.3, ஐந்து போட்டால் 25. அதாவது இந்த விலையில் ஆறில் ஐந்தையாவது தீர்த்தால்தான் முழு அளவை விட மலிவு. எந்தச் செட்டுக்கும் இதே கணக்கைப் போடலாம்: செட்டின் விலையை முழு அளவின் கிராம் விலையால் வகுத்து, வருவதை ஒரு மினியின் எடையால் வகுத்தால், குறைந்தது எத்தனை நிறம் பயன்பட வேண்டும் என்பது கிடைக்கும். பெட்டியின் பருமனைப் பார்க்காதீர்கள். உள்ளே முக்கால்வாசி அட்டையும் தட்டும்தான். நிகர எடை பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும்.

இங்கேதான் உங்கள் கடைசி வரி வருகிறது. எந்த லிப்ஸ்டிக்கையும் தீர்த்ததில்லை என்றால் முழு அளவின் கிராம் விலையும் உங்களுக்குப் பொய்க் கணக்கு. பாதியில் தூக்கிப் போடும் இரண்டு முழு லிப்ஸ்டிக்குக்கு 200 கொடுத்து 3.5 கிராம் பயன்படுத்துகிறீர்கள். கிராமுக்கு 57 ஆகிறது. இரண்டு நிறம் மட்டும் தீர்க்கும் செட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே உங்களைப் போல் நிறம் மாற்றிப் போடப் பிடித்தவருக்கு மினி நல்ல அளவு என்றே சொல்வேன்.

அளவு எவ்வளவு நாள் வரும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு, பாதுகாப்புக் கணிப்புக்காக ஒருவர் நாளொன்றுக்கு 57 மில்லிகிராம் லிப்ஸ்டிக் பூசுவதாக எடுத்துக்கொள்கிறது. சற்றுத் தாராளமான கணிப்பு. அதன்படி 1.2 கிராம் மினி தினமும் போட்டால் 21 நாள். வாரம் இரண்டு நாள் போட்டால் பத்து வாரம். திறந்த பிறகான ஆயுளுக்குள் வசதியாகத் தீர்ந்துவிடும். முழு அளவோ, ஆறேழு நிறங்களோடு மாறி மாறிப் போடும்போது எண்ணெய் கெட்டுப்போகும் வரை மேசையில் கிடக்கும்.

மினியின் குறைகளும் உண்டு. குழலின் அடியில் எடுக்க முடியாமல் தங்கும் பகுதி சிறிய குழலில் விகிதப்படி அதிகம். திரவ வகை மினியில் மூடி சரியாக இறுகாவிட்டால் கரைப்பான் பறந்து, சில வாரத்தில் பசை போல் ஆகிவிடும். பிடித்த நிறம் அந்த செட்டில் மட்டுமே வந்தது என்றால் தீர்ந்த பிறகு திரும்பக் கிடைக்காது. வாங்கும் முன் அந்த நிறம் தனியாக முழு அளவில் விற்பனையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றில் எது?

பேலட் வேண்டாம். உதட்டு நிறங்களும் ஐ ஷேடோவும் ஒரே தட்டில் இருந்தால், ஷேடோவின் தூள் பறந்து மெழுகு நிறங்களின் மேல் ஒட்டும். கண்ணிமைக்கு அனுமதித்த எல்லா நிறமியும் உதட்டுக்கு அனுமதிக்கப்பட்டதில்லை. அமெரிக்க விதிகளில் அல்ட்ராமரின் நீலம், குரோமியம் ஆக்சைடு பச்சை, பெரிக் பெரோசயனைடு மூன்றும் கண்ணைச் சுற்றிப் பூசலாம், உதட்டில் பூசக்கூடாது; உதட்டில் பூசுவது வயிற்றுக்குள்ளும் போகும் என்பதே காரணம். எட்டு நிறத்தையும் ஒரே பிரஷால் எடுப்பதால் ஒன்றின் சாயம் மற்றதில் கலந்துவிடும். உங்களுக்குத் தேவையான, ஒவ்வொன்றாகச் சோதிக்கும் வழி அங்கே அடைபட்டுப்போகிறது. விரல் படும், காற்று படும், சூட்டில் உருகினால் ஒன்றோடொன்று வழியும்.

கிளாஸ் செட்டும் இப்போது வேண்டாம், குறிப்பாகப் பிளம்பர். உதடு பருமனாகத் தெரிவதற்காக மிளகாயின் கேப்சைசின், பட்டை, இஞ்சி, மென்தால் போன்றவற்றால் உதட்டை வேண்டுமென்றே உறுத்தி ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதுதான் பெரும்பாலான பிளம்பரின் வேலை. நல்ல உதட்டுக்கே அது சிறு காயம். உரிந்த உதட்டுக்குத் தரவே கூடாது.

மினி லிப்ஸ்டிக் செட்டை வாங்கலாம், இரண்டு நிபந்தனையோடு: மணப்பொருள் சேர்க்காததாக இருக்க வேண்டும், உதடு முழுதாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். திறந்ததை நேராக உதட்டில் போடாமல் முழங்கை மடிப்புக்குக் கீழே, முன்கையின் உள்பக்கத்தில் சுமார் 3 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு நிறத்தைத் தடவுங்கள். காலை, மாலை இரு வேளை, 7 நாள். மூடிக் கட்ட வேண்டாம். இடது கையில் ஒரு நிறம், வலது கையில் ஒன்று என்று ஒரே வாரத்தில் இரண்டைப் பார்த்துவிடலாம். எந்தக் கையில் எது என்று தேதியோடு எழுதி வையுங்கள். சிவப்பு, அரிப்பு, சிறு தடிப்பு வந்தால் அத்தோடு அதை நிறுத்துங்கள். வராவிட்டால் அந்த ஒரு நிறத்தை மட்டும் உதட்டில் நாளுக்கு ஒரு முறை என்று ஒரு வாரம் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் உதட்டுத் தோல் கைத்தோலை விட மெல்லியது. கை சம்மதித்ததை உதடு மறுப்பதுண்டு. அதன் பிறகுதான் அடுத்த நிறம். முதல் இரண்டு நிறமும் கையிலேயே வினை காட்டினால் அடித்தளப் பொருளே ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகிக்கலாம். மீதி நான்கைத் திறக்காமல் வைத்துக்கொண்டால் மாற்றவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ முடியும்.

திறந்த அழகுப் பொருளைப் பெரும்பாலான கடைகள் சுகாதாரக் காரணத்தால் திரும்ப வாங்குவதில்லை. எனவே திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள், செட்டில் ஒன்றைத் திறந்தால் முழு செட்டும் திறந்ததாகக் கணக்கா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ரசீதும் வெளிப்பெட்டியும் பத்திரமாக இருக்கட்டும். மோசமான வினை வந்தால் தொகுதி எண்ணோடும் உதட்டின் படத்தோடும் தயாரிப்பாளருக்கும், உங்கள் நாட்டில் அழகுப் பொருட்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்புக்கும் எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு.

பங்கிடுவது

செட்டைப் பங்கிடுவதில் நீங்கள் நினைத்ததை விட நல்லதும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. பிரிக்காத குழல்களை நிறம் பார்த்து ஆளுக்கு இரண்டு, மூன்று என்று எடுத்துக்கொண்டால் ஆறும் பயன்படும். மேலே சொன்ன கணக்கில் செட் உண்மையாகவே மலிவாகும் வழி இதுதான். ஆபத்து, திறந்ததை மாற்றி மாற்றிப் போடுவதில். குச்சி லிப்ஸ்டிக்கில் தண்ணீர் கிடையாது, மெழுகும் எண்ணெயும்தான். அதனால் கிருமி அதற்குள் பெருகுவது குறைவு. ஆனால் மேற்பரப்பில் எச்சில் இருக்கும். உதட்டில் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸ் அந்த வழியில் பரவலாம். கொப்புளம் தெரியாத நாளிலும் சிலர் எச்சிலில் வைரஸ் இருக்கும். கிளாஸில் ஒவ்வொரு முறையும் உதட்டைத் தொட்ட குச்சி திரும்பக் குப்பிக்குள் போகிறது என்பதால் அதை யாரோடும் பகிரவே கூடாது. கொப்புளம் வந்த நாட்களில் போட்ட கிளாஸைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

பிரித்துக் கொடுக்கும்போது பெட்டி ஒருவரிடம், குழல் இன்னொருவரிடம் என்று ஆகிவிடும். சிறிய குழலில் இடம் இல்லாததால் சேர்மானப் பட்டியலும், பல சமயம் திறந்த பிறகு எத்தனை மாதம் வரும் என்ற ஆயுள் குறியும் வெளிப்பெட்டியில் மட்டுமே இருக்கும். பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

அக்கா மகளுக்கு இந்த செட்டிலிருந்து எதுவும் வேண்டாம். 11 வயதில் நிறமும் மணமும் இல்லாத ஒரு லிப் பாம் போதும். பழ மணமும் இனிப்புச் சுவையும் உள்ளவை குழந்தைகளை உதட்டை நக்க வைக்கும். நக்கிக்கொண்டே இருந்தால் வாயைச் சுற்றிச் சிவந்த வளையம் வரக்கூடும். தோழிகளோடு மாற்றிப் போட வேண்டாம் என்பதையும் அவளிடம் காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் சொன்னால் அந்த வயதுக் குழந்தைகள் கேட்டுக்கொள்வார்கள்.

போன வருடத்து செட்

பெட்டியில் திறந்த டப்பா படமும் உள்ளே '12 எம்' என்ற எழுத்தும் இருந்தால், 12 மாதம் என்பது திறந்த நாளிலிருந்து கணக்கு. வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஐரோப்பிய விதிப்படி, திறக்காமல் 30 மாதத்துக்கு மேல் கெடாத பொருளுக்குக் காலாவதித் தேதி போட வேண்டியதில்லை, இந்தக் குறி போதும். ஆகவே பிரிக்காத லிப்ஸ்டிக் செட் ஒரு வருடத்தில் கெட்டுவிடாது. தள்ளுபடியில் வாங்கியது என்பதால் உங்களிடம் வரும் முன்பே அது கடையில் எத்தனை காலம் இருந்தது என்பதைத் தயாரிப்புத் தேதியை வைத்துப் பாருங்கள். தேதி அச்சிடாமல் தொகுதி எண் மட்டும் இருந்தால் தயாரிப்பாளரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். தயாரித்து மூன்று வருடத்தை நெருங்கியிருந்தால் கொடுக்க வேண்டாம்.

தேதி சரியாக இருந்தாலும், எங்கே வைத்திருந்தீர்கள் என்பது முக்கியம். 25 டிகிரிக்கு மேல் சூடேறும் அலமாரியிலோ காரிலோ கிடந்திருந்தால் எண்ணெய் சீக்கிரம் கெடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுப்பதும் நல்லதில்லை. வெப்பம் ஏறி இறங்கும்போது மெழுகுக்குள் இருக்கும் எண்ணெய் வெளியே துளித்துளியாகக் கசியும். கசிவு மட்டும் இருந்தால் துடைத்துவிட்டுப் போடலாம், அது கெட்டதற்கு அடையாளமில்லை. பழைய எண்ணெயின் வாடையோ, மெழுகுக் கிரேயான் போன்ற வாடையோ வந்தால்தான் கெட்டது. ஆனால் இதையெல்லாம் பார்க்கப் பெட்டியின் முத்திரையைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் அது பரிசாகக் கொடுக்கும் பொருளாக இருக்காது. எனவே நல்ல இடத்தில் வைத்திருந்தீர்கள், தயாரிப்புத் தேதியும் சரி என்றால் பிரிக்காமலே கொடுங்கள், ரசீதின் நகலோடு. சந்தேகம் இருந்தால் தோழிக்கு வேறு ஏதாவது வாங்குங்கள். அந்த செட்டை நீங்களும் பயன்படுத்தாதீர்கள், குறிப்பாக அது உங்கள் உதட்டை உரித்த அதே தயாரிப்பு வரிசையைச் சேர்ந்தது என்றால். அப்படியானால் அதில் ஒரு குழலை மட்டும் வெளிப்பெட்டியோடு பேட்ச் டெஸ்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.